கழற்றி வைக்கும் ஏணி



சின்ன வீட்டில் பெரிய குடும்பம் என்றால் முதலில் தட்டுப்படுவது படுக்க இடந்தான். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களான எங்களுக்கு இது பழகிப்போன கஷ்டம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டே மணி நேர அவகாசத்தில் யாழ் நகரை விட்டுப் புலிகள் எங்களை வெளியேற்றினார்கள். புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் ஒரே பாயில் நாலு பிள்ளைகளைக் கிடத்தினோம். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு சோனகத் தெருப் பக்கம் திரும்பி வந்து, சகோதரிகள் பங்கிட்ட காணித் துண்டில் இரண்டு அறை எழுப்பினோம்.

பத்து வயதானால் பிள்ளைகளின் படுக்கையைப் பிரிக்க வேண்டும் என்பது நமது மார்க்க ஒழுங்கு. அறைக்கு வழியில்லாதவர்கள் உயரத்தில் இடம் தேடத்தானே வேண்டும்? பேரன்மார் இருவருக்கும் பழைய அடுக்குக் கட்டில் ஒன்று வாங்கினோம். அதற்கு ஏணி இருக்கவில்லை. பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறுவதைக் கண்டால் எந்த உம்மாவின் நெஞ்சு பதறாது?

எனவே ஓடாவியார் ஒருவரைக் கொண்டு வேப்பம் பலகையில் ஏணி செய்வித்தோம். கழற்றக்கூடியதாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நாலு வயதுப் பேத்தி வீட்டில் ஓடித் திரிகிறாள். ஏணி நின்றால் ஏறாமல் விடுவாளா? கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டால், பகலில் முஸல்லா விரிக்கவும் இடம் கிடைக்கிறது.

நீங்களும் செய்வதானால் இவற்றைக் கவனியுங்கள். படிகள் தட்டையாக, மூன்று அங்குல அகலத்தில் இருக்கட்டும். உருண்டைப் படி வெறுங்காலை நோகச் செய்யும். படிக்குப் படி பத்து அங்குலம், எல்லாம் ஒரே அளவு. ஆணியை மட்டும் நம்பாமல், பக்கச் சட்டத்தில் காடி வெட்டிப் படியைப் பொருத்தச் சொல்லுங்கள். மேல்தட்டு ஐந்தடி உயரமென்றால் ஏணியின் அடி ஒன்றேகால் அடி வெளியே நிற்க வேண்டும். பக்கச் சட்டங்கள் மேல்தட்டைத் தாண்டி ஓரடி நீண்டால், இறங்கும்போது கைக்குப் பிடி கிடைக்கும்.

மேலே தடித்த இரும்புப் பட்டையை வளைத்து இரண்டு கொளுவிகள். அவற்றைப் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். கொளுவியின் உட்புறத்திலும் ஏணியின் அடியிலும் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினால், மினுக்கிய சீமெந்துத் தரையிலும் வழுக்காது. பிள்ளை காலால் உந்தினால் கொளுவி மேலே கிளம்பும். அதைத் தடுக்க, கொளுவிக்கும் கட்டில் சட்டத்துக்கும் ஊடாக ஒரு துளையிட்டு இரும்பு முளை ஒன்றைச் செருகுங்கள். பிறகு வீட்டிலுள்ள பாரமானவர் ஒவ்வொரு படியிலும் ஏறி நின்று பார்க்கட்டும்.

ஏணி சரியானால் மட்டும் போதாது. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேல்தட்டில் படுக்க வைக்கக் கூடாது. தடுப்புச் சட்டம் மெத்தைக்கு மேல் ஐந்து அங்குலமாவது உயர வேண்டும். இடைவெளிகள் மூன்றரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. உடல் நுழைந்து தலை சிக்கினால் உயிருக்கே ஆபத்து. நம்மூர் வெக்கைக்கு மின்விசிறி வேண்டும்தான். ஆனால் மேலே எழும்பி இருக்கும் பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் அது சுழலட்டும்.

கடைசியாக ஒன்று. மேலே பிள்ளை படுத்திருக்கும்போது எக்காரணம் கொண்டும் ஏணியைக் கழற்றாதீர்கள். சுபஹு பாங்கு கேட்டோ, தண்ணீர்த் தாகத்திலோ எழும்பும் பிள்ளை, தூக்கக் கண்ணோடு வழக்கமான இடத்தில் காலை வைக்கும். அங்கே படி இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மஃரிபுக்குப் பிறகு ஏணியை மாட்டி, முளையைச் செருகி, ஒரு தரம் இழுத்துப் பார்ப்பது என் வேலை. அதை நான் யாரிடமும் விடுவதில்லை.