கொண்டையன் இறங்கி வந்த காலை

பங்குக் குருவின் தவறுகளைப் பங்கு மக்கள் பெருந்தன்மையுடன் மறந்துவிடுவதுண்டு. ஆனால் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மறப்பாளா என்ற ஐயம் ஓர் இரவு முழுவதும் என்னை உறங்கவிடவில்லை.

2023-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஆலங்குடி வட்டாரத்தில் உள்ள எங்கள் கிளைக் கிராமம் ஒன்றில் வீடு சந்திக்கச் சென்றிருந்தேன். அவ்வீட்டுத் தலைவர் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறார். இங்கே தாயும் பாட்டியும் மகளும் இருக்கிறார்கள். கூடத்து மூலையில் ஒரு கூண்டு தொங்கிற்று. அதனுள் சாம்பல் நிற மேனியும் மஞ்சள் கொண்டையும், கன்னத்தில் பொட்டிட்டாற் போன்ற செம்மஞ்சள் வட்டமும் உடைய ஒரு பறவை. கடைக்காரர்கள் 'காக்டெயில்' என்கிறார்கள். சிறுமி அதற்குக் கொண்டையன் என்று பெயரிட்டிருந்தாள். தகப்பனார் விடுப்பில் வந்தபோது வாங்கிக் கொடுத்தது. ஊரில் இருந்த இரண்டு மாதமும் அவர் அதற்குச் சீட்டியடிக்கக் கற்பித்தாராம். நான்கே சுரங்கள், இரண்டு ஏறும், இரண்டு இறங்கும். அவர் சென்ற பின்னும் அந்தச் சீட்டி அவ்வீட்டில் நாள்தோறும் ஒலித்துக் கொண்டிருந்தது.

"வெளியே எடு அம்மா, கையில் வைத்துப் பார்ப்போம்" என்றேன். அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். சாமி கேட்கும்போது மறுப்பது எப்படி? கொண்டையன் என் விரலில் ஏறி அமர்ந்தான். புழுக்கமாயிருக்கிறதே என்று மின்விசிறியைப் போடச் சொன்னவனும் நானே. விசிறி சுழன்றது, அதே வேளையில் உபதேசியார் தெருக்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். வெருண்ட பறவை அவர் தலைக்கு மேலே பறந்து வெளியேறிற்று.

அது முதலில் அமர்ந்தது வாசல் முருங்கையில்தான். அப்போது நாங்கள் சும்மா இருந்திருந்தால் காரியம் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். நானோ தெருப் பிள்ளைகளைக் கூவி அழைத்தேன். ஒருவன் மரத்தில் ஏறினான். இன்னொருவன் துரட்டியைக் கொண்டுவந்தான். மற்றொருவன் போர்வையை வீசினான். பறவை தென்னைக்குத் தாவி, அங்கிருந்து காகங்கள் துரத்த, கொல்லைப் பலாமரத்தின் உச்சிக்குப் போய்விட்டது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் அக்கொல்லையில் விழாமல் நின்ற மரம் அது ஒன்றுதான்.

ஆரவாரம் கேட்டு வந்தார், கால்நடை மருந்தகத்தில் உதவியாளராயிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். "சாமி, பிள்ளைகளை முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள்" என்றார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, கடிந்திருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும்.

அவர் கூறியவற்றை இல்லத்தில் பறவை வளர்ப்போருக்காக இங்கே எழுதி வைக்கிறேன். கூண்டுப் பறவை வெளியே போனால், துரத்தப்படாத வரை, முதல் சில மணி நேரம் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். அது வர மறுப்பதில்லை. வரத் தெரியாமல் தவிக்கிறது. மேலே பறப்பது அதற்கு எளிது. உயரத்திலிருந்து செங்குத்தாகக் கீழிறங்குவது பழகினாலன்றி வராத வித்தை. ஆகையால் ஏணி வைத்து நாம் ஏறுவதை விட, அது இறங்குவதற்குப் படிபோல் இடையில் உயரங்களை அமைப்பது நல்லது. அதன் கூண்டைக் கதவு திறந்தபடி, அதன் கண்ணில் படுமாறு மேட்டில் வைக்க வேண்டும். உள்ளே பழகிய தினையும் தண்ணீரும் இருக்க வேண்டும். பழகிய குரல் ஒன்றே அழைக்க வேண்டும். பத்துப் பேர் கூடி அழைத்தால் அச்சமே மிகும். வலை வீசுவது, தண்ணீர் பீய்ச்சுவது, கிளையை உலுக்குவது எதுவும் கூடாது. மாலை மங்கியதும் அது எந்தக் கிளையில் அடைகிறது என்று பார்த்துக்கொண்டு, விடியுமுன் அங்கே இருக்க வேண்டும். இரவெல்லாம் பசித்த பறவைக்கு விடியற்காலையில்தான் வீட்டு நினைவு மிகுதி.

இதற்கிடையே ஓர் இளைஞர், "எதற்கு சாமி இந்தப் பாடு? சுதந்திரமாய்ப் பறக்கட்டுமே" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. நம் நாட்டுப் பச்சைக்கிளியாயிருந்தால் அவர் பேச்சே சரி. அதைப் பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். 2024 ஏப்ரலில் கடலூரில் கிளி சோதிடர் ஒருவர் கைது செய்யப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். கொண்டையனின் மூதாதையரோ ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் கூட்டமாய்த் திரிந்தவர்கள். அவன் கூண்டில் பொரித்த குஞ்சு. இங்கே கூட்டமும் இல்லை, காகத்தையும் வல்லூறையும் பூனையையும் பற்றிய அறிவும் இல்லை. நம் பச்சைக்கிளிகள் இங்கிலாந்தில் கூண்டிலிருந்து தப்பி, 1960-களின் இறுதி முதல் லண்டன் பூங்காக்களின் பக்கம் பெருகியிருக்கின்றன என்பது மெய்தான். ஆனால் துணையற்ற ஒற்றைப் பறவைக்குப் பலாமரத்து உச்சியில் கிடைப்பதைச் சுதந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாலை ஐந்து மணிக்கு நான் புறப்பட்டாக வேண்டும். பங்குக் கோவிலில் சிலுவைப்பாதை. சிறுமி பலாமரத்தடியில் கூண்டருகே அமர்ந்திருந்தாள். நான் சொல்லிக்கொண்டபோது அவள் தலை நிமிரவில்லை. அன்று சிலுவைப்பாதையில் ஒன்பதாம் நிலையை இருமுறை வாசித்துவிட்டேன். மக்கள் பொறுமையாய் இருமுறையும் முழந்தாளிட்டார்கள்.

இரவு தாயார் தொலைபேசியில் பேசினார். பறவை உச்சிக்குச் சற்றுக் கீழே, தெற்குக் கிளையில் அடைந்திருக்கிறது. சிங்கப்பூருக்குச் செய்தி போய்விட்டது. தகப்பனார் வேறொன்றும் சொல்லாமல் தம் சீட்டியைப் பதிவு செய்து கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறார்.

சனிக்கிழமை விடியற்காலை நான்கரை மணிக்கே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். பெரியவர் எனக்கு முன்பே வந்திருந்தார். மாட்டுக் கொட்டகையின் கூரை மேல் கூண்டு. அதன் பக்கத்தில், ஏணியின் மேற்படியில், தினையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சிறுமி. தாயார் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வேலையில்லை, வைக்கோற்போரருகே நிற்கும்படி பணிக்கப்பட்டேன். நோவா கையை நீட்டிப் புறாவைப் பேழைக்குள் சேர்த்துக்கொண்டதைக் குருமடத்தில் எத்தனை முறை படித்திருப்பேன்! கொண்டுவந்த ஒலிவக் கிளையைப் பற்றிப் பிரசங்கித்திருக்கிறேனே தவிர, அதற்கு முன்னர், கால் வைக்க இடமின்றித் திரும்பிய பறவைக்காக நீண்ட அந்தக் கையை நினைத்ததேயில்லை.

கிழக்கு வெளுத்ததும் கைப்பேசி சீட்டியடித்தது. மரம் பேசவில்லை. மீண்டும் ஒருமுறை. மூன்றாம் முறை, மேலிருந்து இரண்டு சுரங்கள் மட்டும் வந்தன, ஏறும் இரண்டு. சிறுமி வாயைக் குவித்து, இறங்கும் இரண்டைத் தானே சீட்டியடித்தாள். அவள் அதைக் கற்றிருந்தது தாய்க்கே தெரியாதாம்.

கொண்டையன் பறந்து வரவில்லை. அலகாலும் காலாலும் பற்றிப் பற்றிக் கிளை கிளையாய் நடந்து இறங்கினான். ஏறக்குறைய நாற்பது நிமிடம். தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு தத்தல்; கூரை; பிறகு அவள் மணிக்கட்டு. அவள் பிடிக்கவில்லை. தினையைத் தின்னவிட்டு, கையோடு கூண்டுக்குள் கொண்டுபோய், பொறுமையாய்க் கையை உருவிக்கொண்டாள். பெரியவர் பருத்தித் துண்டால் கூண்டை மூடினார். இத்தகைய நேரத்தில் மகிழ்ச்சி மிகுதியால் பறவையை மார்பை அழுத்திப் பிடித்துவிடுவோர் உண்டாம். அதற்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிய கைக்குள்ளேயே உயிர் போய்விடும்.

மூன்று நாள் அவன் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் காலையில் நான்கு சுரமும் கேட்டதாகத் தாயார் தெரிவித்தார்.

இப்போதும் அவ்வீட்டுக்குச் செல்கிறேன். சிறுமி என்னைக் கண்டதும் தெருக்கதவைத் தாழிடுகிறாள். பிறகு மின்விசிறியை நிறுத்துகிறாள். அதன் பின்னரே, "தோத்திரம், சாமி" என்கிறாள்.