பனியில் கறுப்பு இல்லை

செகந்திராபாத், திருமலகிரி. ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜையில் விரித்திருக்கும் தாளில் ஒரு ரஷ்யச் சிப்பாய் துப்பாக்கியுடன் இடிந்த சுவரோரம் நிற்கிறான். சுற்றிலும் பனி. கொஞ்சம் தள்ளி இன்னொருவன் விழுந்து கிடக்கிறான். ஒன்பதாம் வகுப்புப் பையன் மூன்று நாட்களாக இவர்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறான்.

சிப்பாய்கள் வந்தது 'கால் ஆஃப் டூட்டி 2' என்ற வீடியோ விளையாட்டிலிருந்து. 2005இல் வெளியானது. பையனின் பழைய கம்ப்யூட்டரில் திணறாமல் ஓடும் சிலவற்றில் ஒன்று. இரண்டாம் உலகப் போரின் ஸ்டாலின்கிராட் அதில் ஒரு களம். பிடித்த காட்சியைத் திரையில் நிறுத்திவைத்து, பார்த்துப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டான். பள்ளி ஓவியப் போட்டிக்கு. படம் நிஜம் மாதிரி இருக்க வேண்டும். நிஜம் என்றால் அவனுக்கு நிழல். நிழல் என்றால் கறுப்புப் பென்சில்.

எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் தாத்தா ஓய்வுபெற்ற சுபேதார். அந்த விளையாட்டில் அவருக்குப் பிடித்தது ஒன்றுதான்: தொடக்கத்தில் கையெறி குண்டுக்குப் பதில் உருளைக்கிழங்கை எறிந்து பயிற்சி கொடுப்பார்கள். "அதை எழுதினவன் ராணுவத்தைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கான்" என்பார்.

இன்று பேப்பரைத் தாழ்த்திப் படத்தைப் பார்க்கிறார். "சூரியன் எங்கேடா இருக்கு?"

பையன் விழிக்கிறான். முகத்தில் வெளிச்சம் இடமிருந்து. சுவரின் நிழலோ இடப்பக்கமே விழுகிறது. துப்பாக்கிக்கு நிழலே இல்லை. திரையில் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வைத்த வெளிச்சத்தை அவன் விளையாட்டு அவசரத்தில் கவனித்ததில்லை.

"முதல்ல சூரியனை ஒரு இடத்துல நிறுத்து. அப்புறம் பனியில இருக்கிற கறுப்பை அழி. பனியில நிழல் நீலம்."

அவர் ஓவியம் படித்தவர் அல்ல. ஆனால் சொன்னது சரி. நிழல் விழும் இடத்தில் சூரியன்தான் மறைகிறது, வானம் மறைவதில்லை. வானத்தின் நீல ஒளி அங்கே நிரம்புகிறது. வெள்ளைப் பனி அதை அப்படியே காட்டிக்கொடுக்கிறது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1868-69 குளிர்காலத்தில் வரைந்த 'மேக்பை' ஓவியத்தில் வேலியின் நிழல் பனிமீது நீலமாகத்தான் கிடக்கிறது. நிழலிடுவது நம்மவர்களுக்கும் புதிதல்ல. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரம் அதை 'வர்த்தனை' என்று பெயரிட்டு மூன்றாகப் பிரிக்கிறது: இலை நரம்புபோல் கோடுகள், மெல்லத் தேய்த்துப் பரப்புவது, புள்ளிகள். பையன் தன்னை அறியாமல் மூன்றையும் செய்துகொண்டிருந்தான். தப்பான வண்ணத்தில்.

ரப்பர் வேலை செய்கிறது. கறுப்பு முழுதும் போகவில்லை. மேலே வெளிர் நீலம் ஏறியதும் பனிக்கு ஒரு ஆழம் வருகிறது.

"ஹெல்மெட்டுக்குக் கீழே ஏன் இவ்வளவு இருட்டு? பனி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். எங்களுக்குத் தாடைக்கு அடியில, மூக்குக்கு உள்ளேகூடத் தோல் வெந்துபோகும்."

"எங்கே தாத்தா?"

"சியாச்சின்ல."

பையன் பென்சிலை நிறுத்துகிறான். 1984 ஏப்ரலில் இந்தியப் படை அந்தப் பனிமலைக்கு ஏறியது என்பது அவனுக்குத் தெரியும். தாத்தா அங்கே போனது தெரியாது. அங்கே குண்டுக்குப் பலியானவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் பலியானவர்களே அதிகம். 2003 நவம்பர் சண்டை நிறுத்தத்துக்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. குளிருடன் யாரும் ஒப்பந்தம் போடவில்லையே.

தாத்தா ஒவ்வொன்றாகச் சொல்கிறார். மூக்கு நுனியும் காதும் சிவப்பு. உதட்டில் கொஞ்சம் ஊதா. மூச்சு உறைந்து மீசையில் வெள்ளை. பையன் தீட்டத் தீட்ட, நாயகன் மாதிரி இருந்த சிப்பாய் மெல்லக் குளிரில் நடுங்கும் ஓர் இளைஞனாகிறான்.

மிச்சம் இருப்பவன் விழுந்து கிடப்பவன். நின்றவனுக்குப் போட்டது மாதிரியே அவனுக்கும் நீளமாக ஒரு நிழல் போடப்போகிறான் பையன்.

"வேண்டாம்" என்கிறார் தாத்தா. குரல் மாறியிருக்கிறது. "நிக்கிறவன் நிழல்தான் நீளும். படுத்தவன் நிழல் உடம்போட ஒட்டிக்கும். தூரத்துல இருந்து பார்க்கும்போதே தெரிஞ்சுபோச்சு எங்களுக்கு. கூப்பிட்டுப் பார்க்கவே வேண்டியிருக்கல."

யார் என்று பையன் கேட்கவில்லை. மேஜையில் ஊன்றிய அவர் வலது கையைப் பார்க்கிறான். இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. மில் மெஷினில் சிக்கியது என்றுதான் அவனுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லியிருந்தார்கள்.

"அவனைத் தோண்டி எடுக்கிறப்போ கையுறையைக் கழட்டிட்டேன். கயிறு முடிச்சு அவிழல. முதல்ல விரல் மெழுகு மாதிரி வெளுத்தது. அப்புறம்..." கறுப்புப் பென்சிலை எடுத்து அவனிடம் நீட்டுகிறார். "கறுப்பு உனக்கு வேணும்னா, அங்கே வை. விரல் நுனியில."

சமையலறையிலிருந்து பாட்டி எட்டிப் பார்க்கிறார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போகிறார். மில் கதையைக் கட்டியது அவர்தான்.

பையன் பென்சிலை வாங்கி வெகுநேரம் கையில் வைத்திருக்கிறான். பிறகு விழுந்தவனின் விரல் நுனிகளில், மிகச் சிறியதாக, அழுத்தாமல், ஐந்து புள்ளிகள் வைக்கிறான். படத்தில் கறுப்பு என்று மிஞ்சியது அவ்வளவுதான்.

போட்டியில் பரிசு ஒரு சூரிய அஸ்தமனத்துக்குப் போயிற்று. சிப்பாய் படம் சுருளவிழ்ந்து தாத்தாவின் அறைச் சுவரில் இருக்கிறது. மாலையில் ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழும்போது, அவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்கிறார். தன் நிழல் அதன்மேல் படாமல்.