கதவில்லா வீட்டுக்கு முதல் உதவி

வெள்ள நிவாரணம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை அரிசி, பால்மாவு, பாய், போர்வை, குடிநீர் ஆகியவையே. நம் தமிழ்ப்பள்ளிகளிலும் கோயில்களிலும் பொது இயக்கங்களிலும் திரட்டப்படும் பொருள்களின் பட்டியல் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அந்தப் பட்டியலில் பலகை இராது, ஆணி இராது. உடைந்துபோன கதவையும் சன்னலையும் உடனடியாகப் பலகை கொண்டு அடைத்துக் கொடுப்பதும் ஓர் உதவிதான். பல குடும்பங்களுக்கு அதுவே முதல் உதவி. ஓர் ஆசிரியனாக இதனை நான் உணர்ந்த விதத்தையும், இதற்கு நாம் செய்யக்கூடியவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஜொகூரில் வாழும் நமக்கு வெள்ளம் புதிதன்று. 2001ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் 'வமேய்' என்னும் வெப்பமண்டலப் புயல் நம் மாநிலத்தின் தென்கிழக்குக் கரையைக் கடந்தது. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைப் பாகை தொலைவிலேயே உருவான புயல் அது. அவ்வளவு அருகில் புயல் உருவாவது மிக அரிது. அதன் பின்னர் 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து இருமுறை பெருவெள்ளம் வந்தது. கோத்தா திங்கி பட்டணம் நீரில் மூழ்கியது. சிகாமட், குளுவாங், பத்து பகாட் முதலிய வட்டாரங்களும் பாதிக்கப்பட்டன. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். முதல் வெள்ளம் வடிந்து, வீட்டைக் கழுவித் துடைத்து, கதவைச் சரிசெய்து முடித்த பலர், சில வாரங்களுக்குள் மீண்டும் அதே கதவை இழந்தனர். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் சிகாமட், யோங் பெங், பத்து பகாட் வட்டாரங்களில் மீண்டும் வெள்ளம் சூழ்ந்தது. மாநிலத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் துயர்துடைப்பு மையங்களில் தங்கினர். பத்து பகாட் தாழ்நிலம் ஆகையால் அங்கே நீர் வடிவதற்கு வாரக்கணக்கில் ஆயிற்று.

வெள்ளம் மட்டுமே கதவையும் சன்னலையும் உடைப்பதில்லை. ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரையிலான காலத்தில் விடியற்காலையில் மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் காற்றை 'சுமத்ரா' என்கிறோம். சில வேளைகளில் அது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். மூவார், பத்து பகாட், பொந்தியான் பக்கத்துக் கம்பங்களில் உள்ளோர் இக்காற்றை நன்கு அறிவர்.

கதவு எப்படிப் போகிறது என்பதையும் சற்றே பார்ப்போம். தேங்கி நிற்கும் நீரின் அழுத்தம் நாம் நினைப்பதைவிடப் பெரிது. மூன்றடி அகலமுள்ள கதவின் ஒரு பக்கம் மட்டும் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், அக்கதவின்மீது ஏறத்தாழ 450 கிலோ எடைக்கு இணையான விசை அழுத்தும். சிற்றூர் வீடுகளின் பின்வாசற் கதவுகள் பெரும்பாலும் உள்ளீடற்ற ஒட்டுப்பலகைக் கதவுகளே. அவை சில நாள் நீரில் ஊறினால் பசை விட்டுப்போகும். பலகை ஏடு ஏடாக உரியும். மரம் உப்பி நிலையில் இறுகிக்கொள்ளும். வீடு திரும்பியோர் வலிந்து தள்ளும்போது கீலோடு பெயர்ந்து வந்துவிடும். சன்னல்களோ, பழைய வீடுகளில் 'நாக்கோ' எனப்படும் அடுக்குக் கண்ணாடிச் சன்னல்கள். நீரில் மிதந்து வரும் ஒரு மரக்கட்டை மோதினால் போதும். நான்கைந்து கண்ணாடிகள் ஒருசேர நொறுங்கிவிடும்.

2023இல் வெள்ளம் வந்தபோது பள்ளி விடுமுறை. மார்ச் மாதத்தின் பிற்பகுதியில் புதிய கல்வியாண்டு தொடங்கியது. என் வகுப்பில் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி முதல் வாரம் முழுவதும் வரவில்லை. அவள் வீட்டில் வெள்ளம் புகுந்த செய்தியை அறிந்திருந்ததால், சக ஆசிரியர் ஒருவரோடு உணவுப் பொருள்களை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குச் சென்றேன். ஆற்றோரக் கம்பத்தில் ஒரு சிறிய வீடு. தந்தையார் செம்பனை ஆலையில் பணிமுறை மாறி மாறி வேலை செய்பவர். தாயார் தொழிற்சாலைக்குச் செல்பவர். வீட்டில் பாட்டியும் அந்த மாணவியும் அவளுடைய தம்பியும் இருந்தனர்.

பின்வாசலில் கதவு இல்லை. ஒரு கட்டிலைச் சாய்த்து வைத்திருந்தார்கள். இரண்டு சன்னல்களில் உரச்சாக்கைக் கட்டியிருந்தார்கள். காற்றடிக்கும்போதெல்லாம் அது படபடத்தது. நாங்கள் கொண்டு சென்ற பைகளைப் பாட்டி வாங்கி ஓரமாக வைத்தார்.

"அரிசி வேண்டிய மட்டும் இருக்குங்க ஐயா. நாலு பேரு கொண்டாந்து கொடுத்துட்டாங்க. கதவுதான் இல்ல," என்றார்.

பக்கத்து வீட்டில் எரிவாயு உருளை திருடு போயிருந்தது. பகலில் செம்பனைத் தோட்டத்திலிருந்து குரங்குகள் உள்ளே வந்துவிடுகின்றன. ஒரு நாள் பாம்பும் வந்ததாம். தந்தையார் இரவு வேலைக்குச் செல்லும் நாள்களில் தாயார் பின்வாசலருகே நாற்காலி போட்டு விழித்திருக்கிறார். காலையில் அப்படியே வேலைக்குப் போகிறார். பாட்டிக்குக் கண் பார்வை குறைவு. ஆகவே பகற்காவலுக்கு அந்தப் பத்து வயதுச் சிறுமியே பொறுப்பு. "நான் ஸ்கூலுக்கு வந்தா பாட்டி தனியா இருப்பாங்க ஐயா," என்று அவள் சொன்னபோது, வருகைப் பதிவேட்டில் நான் குறித்திருந்த ஐந்து நாள் விடுப்பின் பொருள் எனக்கு விளங்கிற்று.

அரசாங்கத்தின் 1,000 ரிங்கிட் வெள்ள உதவித்தொகை அவர்களுக்குக் கிடைத்தது. ஆயினும் அத்தொகையில் மெத்தை, அடுப்பு, பள்ளிச் சீருடை என்று எல்லாவற்றையும் வாங்க வேண்டியிருந்தது. மேலும், வட்டாரத்தில் உள்ள தச்சர்கள் அனைவருக்கும் அப்போது ஓய்வில்லை. புதிய கதவுக்குச் சொல்லி வைத்தால் எப்போது வருவார்கள் என்பதற்கு உறுதியில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் வீடு புதுப்பிக்கும் தொழில் செய்பவர் ஒருவர் உள்ளார். அவரிடம் தெரிவித்தேன். அடுத்த ஓய்வு நாளில் எட்டுக்கு நான்கு அடியில் மூன்று ஒட்டுப்பலகைகளோடும் சில மரச்சட்டங்களோடும் வந்துவிட்டார். நாங்கள் நால்வர் கூடமாட உதவினோம்.

முதலில் அவர் செய்தது எனக்கு வியப்பளித்தது. பலகையைத் தொடாமல் இரு சன்னல்களிலும் எஞ்சியிருந்த முழுக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இரண்டும் ஒரே அளவுச் சன்னல்கள். இரண்டிலும் பிழைத்த கண்ணாடிகளைச் சேர்த்து ஒரு சன்னலை முழுமையாக்கினார். "ஒரு சன்னலாவது தெறந்து மூடணும் ஐயா. எல்லாத்தையும் அடைச்சா வீடு காயாது, பூஞ்சை புடிச்சிடும்," என்றார். இன்னொரு சன்னலில் இரும்புக் கம்பிகள் உறுதியாக இருந்தன. பலகையை அளவாக அறுத்து, துளையிட்டு, வீட்டின் உட்புறத்திலிருந்து கம்பிகளோடு முறுக்குக் கம்பியால் இறுகக் கட்டினார். நிலையில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. பின்வாசலுக்கு, இரண்டு பலகைகளை இணைத்து உட்புறம் குறுக்குச் சட்டங்கள் அடித்து, பழைய கீல்களையே திருகாணியால் பொருத்தினார். உள்ளே ஒரு தாழ்ப்பாள். வெளியே ஒரு பூட்டு. நான்கு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

மறுநாள் முதல் அவள் பள்ளிக்கு வந்தாள். புதிய கதவு மூன்று மாதம் கழித்தே போடப்பட்டது. அதே வரிசையில் வேறொரு குடும்பம், வீட்டைப் பாதுகாக்க இயலாமல் பிள்ளைகளை ஜொகூர் பாருவில் உள்ள உறவினரிடம் அனுப்பிவிட்டது. அப்பிள்ளைகள் அங்கேயே பள்ளி மாறிவிட்டனர். அவ்வீட்டுக்கு யாரும் பலகை கொண்டு செல்லவில்லை.

இந்த நிகழ்வுக்குப் பிறகு, நான் வளர்ந்த தோட்டத்தை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அங்கே வசதிகள் குறைவு, துன்பங்கள் அதிகம். அந்த வாழ்க்கையைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். எனினும் தோட்டத்தில் தச்சர் ஒருவர் இருந்தார். பால்மரக் கிளை முறிந்து விழுந்து லயன் வீட்டுச் சன்னல் உடைந்தால், அலுவலகத்தில் சொன்ன அன்றே அவர் வந்து பலகை அடித்துவிட்டுப் போவார். அழகாக இராது, ஆனால் இரவில் உறங்கலாம். தோட்டத் தொழிலாளர்க்குத் தரப்படும் வீடுகளைப் பழுதின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு வசதிச் சட்டமும் கூறுகிறது. 446ஆம் சட்டம் என்பது இதுதான்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு நம்மவர்கள் பலர் கம்பங்களிலும் மலிவு விலை வீடுகளிலும் குடியேறினர். சொந்த வீடு என்பது பெருமைக்குரியது. ஆனால் கதவு உடைந்தால் சொல்வதற்கு அலுவலகமும் இல்லை. வருவதற்குத் தச்சரும் இல்லை. அந்த இடம் வெற்றிடமாகவே இருக்கிறது. அதனை நிரப்பப் பெரிய அமைப்பு ஏதும் தேவையில்லை. பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, கோயில் நிர்வாகமோ, இளைஞர் மன்றமோ நினைத்தால் போதும்.

முன்கூட்டியே வாங்கி, நீர் எட்டாத உயரத்தில் வைக்கவேண்டியவை இவைதாம்:

1. அரை அங்குலக் கனமுள்ள ஒட்டுப்பலகைகள் ஐந்தாறு.
2. இரண்டுக்கு ஒன்று அங்குல மரச்சட்டங்கள்.
3. திருகாணி, ஆணி, கீல், தாழ்ப்பாள், பூட்டு.
4. கட்டுக்கம்பி, குறடு, சுத்தியல், இரம்பம், மின்கலத்தில் இயங்கும் துளைக்கருவி.
5. தடித்த கையுறை. தடித்த அடியுள்ள காலணியை உதவ வருவோர் தாமே அணிந்து வரவேண்டும்.

வேலையில் இறங்குவோர் கருத்தில் கொள்ளவேண்டியவையும் சில உள்ளன:

1. முதன்மை மின்விசையை அடைத்த பின்னரே வீட்டினுள் நுழைய வேண்டும்.
2. பலகை அடிப்பதற்கு முன் சேதத்தைப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். உதவி கோரும்போது பயன்படும்.
3. உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றி அப்புறப்படுத்த வேண்டும். சிறுவர்களை அருகில் விடக்கூடாது.
4. ஒரு கதவும் ஒரு சன்னலுமாவது உள்ளிருந்து எளிதில் திறக்கும்படி இருக்க வேண்டும். தீப்பிடித்தாலோ மீண்டும் நீர் ஏறினாலோ வெளியேற வழி வேண்டும்.
5. இந்தப் பலகை மழைக்கும் விலங்குக்கும் திருடருக்கும் தடுப்பே தவிர, வெள்ளத்துக்குத் தடுப்பன்று. வெள்ளம் ஏறும்போது பலகையை நம்பி வீட்டிலேயே தங்கிவிடலாகாது.
6. வெள்ளச் சேற்றில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையிலோ காலிலோ புண் உள்ளவர்கள் சேற்றில் இறங்காதிருத்தல் நலம். துருப்பிடித்த ஆணி குத்தினால் தாமதமின்றி மருந்தகம் செல்ல வேண்டும்.

இவற்றுள் எதுவும் அரிய கலையன்று. ஒட்டுப்பலகையை அளவெடுத்து அறுக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருப்பார். அவரை அடையாளங்கண்டு, பெயரையும் தொலைபேசி எண்ணையும் வெள்ளம் வருவதற்கு முன்னரே குறித்து வைத்துக்கொள்வதுதான் நம் வேலை.

ஆசிரிய நண்பர்களே, வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கிவிடும். அதற்கு முன் நடைபெறும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதனைப் பேசுங்கள். வெள்ளத்துக்குப் பின் பள்ளி திறந்து ஒரு மாணவர் தொடர்ந்து வராமலிருந்தால், நலம் விசாரிப்பதோடு நில்லாமல், "வீட்டுக் கதவும் சன்னலும் சரியாக இருக்கின்றனவா?" என்றும் கேளுங்கள். இல்லை என்று விடை வந்தால் எடுத்துச் செல்லப் பலகை ஆயத்தமாக இருக்கட்டும்.