கொழும்பு அண்ணன்மாரை பெஞ்சில் வைக்கலாமா?

ஐரோப்பிய லீக்குகளுக்கு முன்னோட்டம் எழுதுகிறவர்கள் முதலில் பார்ப்பது காயப்பட்டவர்கள் பட்டியலை. நாங்கள் பார்ப்பது லீவுப் பட்டியலை. கொழும்பில் எந்த முதலாளி யாருக்கு எத்தனை நாள் லீவு கொடுத்திருக்கிறார் என்று தெரியாமல் எங்கள் டீமுக்கு ஃபார்மேஷன் போட முடியாது.

சித்திரைப் புத்தாண்டு லீவோடுதான் ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் எங்கள் மாதிரி டீம்களுக்கு சீசன் தொடங்குது. முதல் மேட்ச் வழக்கம்போல மேல்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும். நாங்கள் மேல்பிரிவு. எங்கள் 18 பேரில் 10 பேர் கொழும்பில்: புடவைக்கடை, ஹோட்டல், பேக்கரி. கீழ்ப்பிரிவில் அப்படிப் போனவர்கள் நாலே பேர். மிச்சப் பேர் தோட்டத்திலும் ஹட்டன் டவுனிலும் வேலை செய்கிறார்கள், பின்னேரமானால் மைதானத்தில் நிற்கிறார்கள். ஆளுக்கு ஆள் எடுத்துப் பார்த்தால் திறமை எங்களிடம்தான் கூட. சேர்ந்து விளையாடிய பழக்கம் அவர்களிடம்.

முதல் மோதல், அவர்களுடைய இடது விங்குக்கும் எங்கள் வலது பேக்குக்கும். அந்தத் தம்பியை ஓட்டத்தில் பிடிக்க இந்தத் தோட்டத்தில் ஆள் இல்லை. ஆனால் மைதானத்தைப் பிடிக்கலாம். எங்கள் மைதானம் மலைப்பக்கம் உயர்ந்து, கான் பக்கம் சரிந்து கிடக்கிறது. ஏப்ரல் மாசம் வெயில் காய்ந்தாலும் பின்னேரம் இடி மழை வந்துவிடும். மேட்ச் இரண்டு மணிக்கு என்றால் முதல் பாதி காய்ந்த தரையில், இரண்டாம் பாதி பெரும்பாலும் சேற்றில். தண்ணீர் தேங்குவது கான் பக்கம். அதனால் டாஸ் ஜெயித்தால் கிக்-ஆஃப் கேட்கக் கூடாது, பக்கத்தைத்தான் கேட்கணும். அந்தத் தம்பி முதல் பாதியில் மலைப்பக்கம் ஓடட்டும், அப்போது எங்கள் பேக்குக்குக் கால் புதுசாக இருக்கும். இரண்டாம் பாதியில் அவனுக்குச் சேறு.

இரண்டாவது மோதல் நடுவில். கீழ்ப்பிரிவு 4-4-2 ஆடுவார்கள். பின்னாலிருந்து நீளமாக அடித்து, உயரமான ஃபார்வர்டின் தலையில் பட்டு விழுகிற பந்தைப் பொறுக்குவதுதான் அவர்கள் ஆட்டம். அந்த விழுகிற பந்துக்கு எங்களுக்கு ஒரு ஆள் வேணும், டிஃபென்ஸுக்கு முன்னால் நகராமல் நிற்கிற ஆள். முதல் பாதியில் 4-3-3 ஆடி, தரையோடு பாஸ் பண்ணி ஒரு கோலாவது போடணும். மழை வந்தால் சின்ன பாஸ் சேற்றில் நின்றுவிடும். அப்போது 4-5-1க்கு இறங்கிக் காக்கணும்.

மூன்றாவது மோதல் மூச்சோடு. 2009 ஏப்ரலில், 3,600 மீற்றர் உயரத்து லா பாஸில், மரடோனா பயிற்றுவித்த, மெஸ்ஸி ஆடிய ஆர்ஜென்டினாவை பொலிவியா 6-1 என்று அடித்தது. லீவில் வருகிற அண்ணன்மார் மூச்சு வாங்கும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர்தான். கடல்மட்டத்தைவிடக் காற்று இங்கே மெலிசு, அது உண்மை. ஆனால் லா பாஸ் அளவுக்கு இல்லை. எங்கள் அண்ணன்மாரை மலை மட்டும் களைக்க வைக்கவில்லை. பன்னிரண்டு மணிநேரம் கடையில் நின்ற கால், வருசம் முழுக்கப் பந்தைத் தொடாத கால், முந்தின ராத்திரி பஸ்ஸில் அவிசாவளை, கினிகத்தேனை என்று நின்றுகொண்டே வந்த கால். இருபது நிமிசத்துக்குமேல் அது ஓடாது. போன வருசமும் ஓடவில்லை.

அதனால்தான் இந்த வருசம் எங்களுக்குள் சண்டை. ஜேர்சிக்குக் காசு அனுப்பியது அவர்கள். பந்து வாங்கியது அவர்கள். நாலு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறார்கள். "பெஞ்சுல உக்காரவாடா நான் பஸ் ஏறி வாறேன்?" என்று ஒரு அண்ணன் ஃபோனில் கேட்டார். பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அவர்கள் ஆசைப்பட்டா போனார்கள்? தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை வருசக்கணக்காகக் கத்த வேண்டியிருந்தது. ஓ.எல். முடிந்ததும் பையைத் தூக்கினார்கள். அவர்கள் அனுப்பிய காசில்தான் எங்களில் சிலர் ஏ.எல். படிக்கிறோம், பின்னேரத்தில் பந்தும் அடிக்கிறோம். டிஃபென்ஸுக்கு முன்னால் நிற்கப்போகிற தம்பியின் பூட்ஸ்கூட அவனுடைய அண்ணன் கொழும்பிலிருந்து வாங்கி வந்தது.

கடைசியில் இப்படி முடிவெடுத்தோம். தொடங்குகிற பதினொரு பேரில் எட்டுப் பேர் இங்கேயே இருப்பவர்கள், மூன்று பேர் கொழும்பிலிருந்து வருபவர்கள். எங்கள் போட்டியில் ஐந்து பேரை மாற்றலாம். அந்த ஐந்தும் அண்ணன்மார்தான், இரண்டாம் பாதியில் ஒருவர் பின் ஒருவராக. இருபது நிமிசக் கால்கள் ஐந்து, களைத்துப்போன கீழ்ப்பிரிவுக்கு எதிராக. மிச்சம் இரண்டு பேர் அடுத்த மேட்சில் முதல் ஆளாக இறங்குவார்கள். அது மரியாதைக் குறைவு இல்லை என்று ஃபோன் பண்ணின அண்ணனிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எத்தனாவது நிமிசம்?" என்று மட்டும் கேட்டார்.

நாற்பதாவது நிமிசம், அண்ணே. தோற்றுக்கொண்டிருந்தால் முப்பத்தைந்து.

மேட்ச் சனிக்கிழமை, இரண்டு மணிக்கு. பார்க்க வருகிறவர்கள் குடை கொண்டு வாங்க. கான் பக்கம் நிக்காதீங்க.