கந்தப்பளையில் ஒரு மிடறு

நுவரெலியாவிலிருந்து இராகலை நோக்கிச் செல்லும் வீதியில் ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் போனால் கந்தப்பளை வரும். நுவரெலியாவில் உள்ள ஏரியும் குதிரைப் பந்தயத் திடலும் இங்கே இல்லை. சந்தியிலே லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு மூடைகள் லொறிகளில் ஏறிக்கொண்டிருக்கும். கடல் மட்டத்திற்கு மேல் ஆறாயிரம் அடிக்கும் அதிகமான உயரம். காலை வேளையில் வாய் திறந்து பேசினால் புகை வரும். மூடுபனி இறங்கிவிட்டாலோ எதிரே வருபவரின் குடை மாத்திரமே தெரியும். ஆளைக் குரலைக் கொண்டுதான் அறிய வேண்டும்.

ஒரு காலத்தில் இவ்வூருக்குப் புகையிரதமும் வந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை சென்ற ஒடுங்கிய பாதை அது. 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டு, மோட்டார் வண்டிகளின் போட்டிக்கு ஆற்றாது 1940களில் மறைந்து போயிற்று. ஹெதர்செட் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையும் அவ்வாறே ஓய்ந்ததுதான். ஆயினும் அதற்கு மறுபிறவி ஒன்று கிடைத்தது. 1996இல் அது உல்லாச விடுதியாகத் திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்களைக் கழற்றி எறியாமல் அங்கேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கொழுந்து உலர்ந்த மாடிகளில் இப்போது வெளிநாட்டார் உறங்குகின்றனர். விரும்பினால் அவர்கள் கூடை மாட்டிக்கொண்டு கொழுந்தும் எடுத்துப் பார்க்கலாம். எத்தனை கிலோ என்று அவர்களை எவரும் கேட்பதில்லை.

நாங்கள் போனது விடுதிக்கு அன்று. இன்னும் உயிரோடு இயங்கும் தொழிற்சாலை ஒன்றிற்கு, உயர்தர வகுப்பு மாணவர் இருபது பேருடன் போயிருந்தோம். நான் தமிழ் கற்பிப்பவன். விஞ்ஞான ஆசிரியருக்குத் துணையாகச் சென்றவன். எனினும் அன்று கண்டவற்றுள் என் மனத்திலே தங்கியது உலர்த்தும் அறையோ உருட்டும் இயந்திரமோ அன்று. தேயிலையைச் சுவை பார்க்கும் சிறிய அறையே.

சுவை பார்ப்பதையே தொழிலாக உடையவர் என்றதும் மேனாட்டு வைன் சுவைஞரே பலருக்கும் நினைவுக்கு வருவர். நமக்கும் அது முற்றும் அந்நியமான செய்தி அன்று. மூங்கிற் குழாயிலே பெய்து முதிரவைத்த தேறலைக் குறிஞ்சி நில மக்கள் பருகியதைச் சங்கப் பாடல்கள் கூறும். யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தி ஊட்டப் பாண்டியன் நன்மாறன் மகிழ்வதைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் பாடியிருக்கிறார். அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தபோது அத்தகைய மது வந்த சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அதன் பின் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்துவிட்டமையால், அவ்விஷயத்தில் என் அறிவு நூலறிவோடு நின்றுவிட்டது. நூல்கள் சொல்வது இது: செந்நிற வைன் நாட்பட நாட்பட அதன் துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று கூடி அடியிலே மண்டியாகப் படியும், சுவை மென்மையாகும். போர்த்துக்கல் நாட்டுப் போர்ட் போன்ற இனிப்பு வைன்கள், சேர்க்கப்பட்ட சாராயத்தாலும் எஞ்சிய சர்க்கரையாலும் பல்லாண்டு கெடாமல் இருக்கும். மதேராத் தீவின் வைன், வெப்ப மண்டலக் கடல்களில் கப்பலின் அடித்தட்டிலே வெந்து வெந்து உயர்ந்த சுவை பெற்றதாம்.

அதே கப்பலின் அடித்தட்டில் ஒரு தேயிலைப் பெட்டியை வைத்தால் என்ன ஆகும்? ஈரத்தையும் அயலில் உள்ள மணத்தையும் ஈர்த்துக்கொண்டு பாழாகும். சீனத்தின் பூஎர் போன்ற சிலவற்றை விலக்கினால், தேயிலைக்கு முதுமை ஆகாது. வைன் பாட்டன் பெயரைச் சொல்லி விலை கேட்கும். நம் தேயிலைக்கோ இந்தப் பருவத்துக் கொழுந்தே பெருமை.

தேயிலை செய்வதிலும் ‘புளிக்கவைத்தல்’ என்று ஒரு கட்டம் உண்டு. பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். திராட்சைச் சாற்றிலே நொதி உயிர்கள் சர்க்கரையை மதுவாக்குகின்றன. தேயிலையிலோ அப்படி ஓர் உயிரின் வேலை இல்லை. நசுங்கிய இலையின் சாறு காற்றோடு கூடிச் செம்பு நிறம் அடைகிறது, அவ்வளவே. உரிய கணத்தில் அதனைச் சூட்டில் இட்டு நிறுத்துவதிலேதான் டீமேக்கரின் கெட்டித்தனம் இருக்கிறது. முந்தினால் பச்சை வாடை. பிந்தினால் உயிரற்ற சாயம்.

சுவை பார்க்கும் அறையில் நேர்வெயில் படாத சாளரம் ஒன்று. அதன் கீழ் நீண்ட மேசை. அதன்மேல் அன்றைய தேயிலை வகைகள் தகரத் தட்டுகளில் வரிசையாக இருந்தன: பீ.ஓ.பீ., பீ.ஓ.பீ.எவ்., பெக்கோ, டஸ்ட். ஒவ்வொன்றின் முன்னும் மூடியுள்ள ஒரு வெண்பீங்கான் கோப்பை, ஒரு கிண்ணம். நூறு மில்லிலீட்டர் நீருக்கு இரண்டு கிராம் தூள், ஆறு நிமிடம் என்பது உலக நியமம். சீனி இல்லை. நிமிடம் முடிந்ததும் கோப்பையைக் கிண்ணத்தின்மேல் சரித்துவிட்டால், விளிம்பிலுள்ள பற்களின் வழியே சாயம் வடிந்து, வெந்த இலை பின்னே தங்கும். அதனை மூடியிலே கொட்டிக் காட்டுவார்கள்.

“பிள்ளைகளே, முதலில் கண்ணுக்கு வேலை, பிறகு மூக்குக்கு, நாக்குக்குக் கடைசியில்தான்” என்றார் டீமேக்கர். வெந்த இலை புதுச் செப்புக் காசுபோல் இருந்தது. கிண்ணத்தில் இருந்த நீரோ இளம் பொன்னிறம். நுவரெலியாப் பக்கத்துத் தேயிலையின் இயல்பு அது. கிழக்கே உடப்புசல்லாவை சென்றால் நிறம் சற்று ஆழமாகும், கந்தப்பளை இரண்டுக்கும் இடையில் நிற்பது. பின்னர் அவர் கரண்டியிலே சிறிது எடுத்து, சீழ்க்கை அடிப்பதுபோல் ஓசையெழ உறிஞ்சி, வாயிலே உருட்டி, பக்கத்தில் இருந்த பாத்திரத்தில் துப்பினார். மாணவர் கொல்லென்று சிரித்தனர். வீட்டிலே அவ்வாறு உறிஞ்சினால் அம்மா அடிப்பாள் அன்றோ?

அந்த ஓசைக்குக் காரணம் உண்டு. காற்றோடு கலந்து தெறிக்கும் நீர், தொண்டை வழியாக மணத்தை மூக்கிற்கு ஏற்றிவிடுகிறது. நாம் சுவை என்று எண்ணுவதிற் பெரும்பகுதி மணமே. துவர்ப்பைப் பற்றி விஞ்ஞான ஆசிரியர் சொன்னது எனக்குப் புதிது. நம் முன்னோர் அதனை அறுசுவையுள் ஒன்றாக வைத்தனர். இன்றைய உடலியலார் அதனைச் சுவை என்பதிலும் தொடுவுணர்ச்சி என்றே கொள்வர். உமிழ்நீரிலுள்ள புரதத்தைத் தேயிலைச் சத்துப் பற்றிக்கொள்வதால் நாக்கு இறுகுகிறது. எப்படியாயினும், சுவைஞர்கள் ‘பிரிஸ்க்’ என்று புகழும் அந்த விறுவிறுப்பு நம் துவர்ப்பின் தம்பிதான். முதிர்ந்த வைனில் அடங்க வேண்டியது எதுவோ, அது தேநீரிலே விழித்திருக்க வேண்டும்.

டீமேக்கர் வேண்டுமென்றே ஒரு கிண்ணத்தில், சூடு மிஞ்சிக் கருகிய தூளைக் கலக்கி வைத்திருந்தார். எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். வாயாடிப் பையன்கள் ஆளுக்கொரு கிண்ணத்தைக் காட்டினர். ஒரு மாணவி மட்டும், மூன்றாவது கிண்ணத்தை உறிஞ்சியதும் முகத்தைச் சுளித்து, “இதில் அடிப்பிடித்த சோற்று மணம் இருக்கிறது சேர்” என்றாள். அதுவே. அவள் தாய் பக்கத்துத் தோட்டத்திலே கொழுந்து எடுப்பவர்.

“இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் சேர்?” என்று அவள் டீமேக்கரைக் கேட்டாள். பட்டத்திலும் பழக்கமே பெரிது என்றார் அவர். கொழும்பிலுள்ள தரகு நிலையங்களில் சேர்ந்து, நாளுக்கு நூற்றுக்கணக்கான கிண்ணங்களை ஆண்டுக்கணக்கில் உறிஞ்சித் துப்பினால்தான் நாக்குத் தேறுமாம். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. 2020இல் கொரோனா நோயின்போது அது கணினி வழிக்கு மாறியது. ஆனால் நாக்கின் வேலையைக் கணினி எடுத்துக்கொள்ளவில்லை. மாதிரித் தூள் இன்னும் கிண்ணத்திலே ஊறித்தான் விலை பெறுகிறது. ஒரு மிடறு, ஒரு சொல், கிலோவுக்கு இத்தனை ரூபா. இலைக்கு மிக அண்மையில் பிறந்த பிள்ளைகள் அந்த மேசைக்கு மிகத் தொலைவில் இருக்கிறார்கள் என்பதை அப்போதுதான் நான் உணர்ந்தேன்.

திரும்பும் வழியில் கொழுந்து மடுவத்தில் நிறுவை நடந்துகொண்டிருந்தது. ஓரமாக நின்ற மூதாட்டி ஒருவரிடம், “பாட்டி, நல்ல கொழுந்தை எப்படிப் பார்த்து எடுப்பீர்கள்?” என்று கேட்டேன்.

“கண்ணால பாத்துப் பாத்து எடுத்தா பொழுது போயிரும் சேர். ஒடிக்கிறப்பவே விரலுக்குத் தெரியும். எளசு டக்குனு ஒடியும், முத்தல் நார் விடும்.”

“அந்த இளங்கொழுந்தின் தேத்தண்ணி எப்படி இருக்கும்?”

“கப்பலேறிப் போறத நான் எங்க குடிக்கிறது?” என்று சிரித்தார்.

ஒரு கிலோத் தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவில் பச்சைக் கொழுந்து வேண்டும். சுவைஞரின் நாக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் கேட்கிறது; தராசோ எடையைக் கேட்கிறது. முற்றிய இலை எடைக்கு உதவும், கிண்ணத்தைக் கெடுக்கும். 2021இல் நாட்கூலி ஆயிரம் ரூபா என்று வர்த்தமானியில் வந்தது, பின்னரும் உயர்ந்தது. கூலிப் பேச்சு எழும்போதெல்லாம் கிலோக் கணக்கும் கூடவே எழுகிறது. மூதாட்டியின் விரல்களிலுள்ள கல்விக்கு எந்தத் தராசிலும் படிக்கல் இல்லை. என் கருத்தில், நல்ல தேயிலையின் முதற் சுவைஞர் அவரே, கொழும்பிலுள்ளவர் இரண்டாமவர்.

வீட்டிலும் இச்சோதனையைச் செய்யலாம். வெள்ளைக் கோப்பைகள் இரண்டு, இருவகைத் தூள், ஒரே அளவு, ஒரே நேரம்; பாலும் சீனியும் வேண்டாம். நீர் புதிதாகக் கொதித்ததாக இருக்கட்டும். தூளைச் சிறிது சிறிதாக வாங்கி, இறுக மூடி, பெருங்காயத்துக்கும் மிளகாய்த் தூளுக்கும் எட்டாத தட்டிலே வையுங்கள். ‘டஸ்ட்’ என்றதும் குப்பை என்று எண்ண வேண்டாம். அது மிக நுண்ணிய தரம், விரைவில் கடுஞ்சாயம் தரும்.

அந்த மாணவிக்கு டீமேக்கர் பீ.ஓ.பீ. தூள் ஒரு சிறு பொட்டலம் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை வகுப்பில் அவளைக் கேட்டேன். வீட்டிலே இரண்டு கிண்ணம் வைத்தாளாம்: ஒன்றில் இது, மற்றதில் மாதந்தோறும் தோட்டத்திற் கிடைக்கும் டஸ்ட். தாயார் இரண்டையும் குடித்துப் பார்த்துவிட்டு, “வாசம் நல்லாத்தான் இருக்கு, சாயம் பத்தாது” என்று சொல்லித் தம் பழைய கிண்ணத்தையே எடுத்துக்கொண்டாராம். மணம் மிகுதி, நிறம் மெல்லியது: நுவரெலியாத் தேயிலையைச் சுவைத்துக் கொழும்பிலே எழுதும் குறிப்பும் ஏறக்குறைய இதுதான்.