இடிந்த ஊரைச் சிரிக்க வைத்த மனிதர்... வில்லி மில்லோவிட்ச் என்ற கொலோன்காரரின் கதை!

ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குப் போனால், ஒரு வெண்கல பெஞ்சில் வெண்கல மனிதர் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். குதிரை மேல் வாள் ஏந்தி நிற்கவில்லை, உயரமான பீடமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் சாயங்காலம் காற்று வாங்க வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், படம் எடுத்துக்கொள்ளலாம்.

அவர் பெயர் வில்லி மில்லோவிட்ச். நகைச்சுவை நடிகர், நாடக இயக்குநர், நாடக அரங்கின் முதலாளி, கூடவே திருவிழாப் பாடகர். 1992-ல் இந்தச் சிலையை வைத்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். தன் சிலைக்குப் பக்கத்தில் தானே போய் உட்காரும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஒரு ஊர் ஒரு காமெடியன் மேல் ஏன் இவ்வளவு பாசம் வைத்தது? பதில் தெரிய வேண்டுமானால், 200 வருடம் பின்னால் போக வேண்டும்.

பாலத்தடியில் தொடங்கிய பிழைப்பு

மில்லோவிட்ச் குடும்பத்தின் தொழில் பொம்மலாட்டம். கொலோன் நகரம் ரைன் நதிக்கரையில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கக் கரையிலிருந்து அந்தப் பக்கம் இருக்கும் டாய்ட்ஸ் பகுதிக்குப் போக, படகுகளை வரிசையாகக் கட்டி அதன் மேல் பலகை போட்ட மிதவைப் பாலம்தான் இருந்தது. கப்பல் வந்தால் பாலத்தை நடுவில் திறந்து வழிவிட வேண்டும். அதுவரை ஜனங்கள் கரையில் காத்துக்கிடப்பார்கள்.

காத்திருக்கும் கூட்டத்தைவிடப் பொம்மலாட்டக்காரருக்கு வேறென்ன வேண்டும்? குச்சியில் செருகிய மர பொம்மைகளை வைத்துக்கொண்டு மில்லோவிட்ச் குடும்பத்தார் அங்கேயே ஆட்டம் காட்டினார்கள். பேசியது புத்தக ஜெர்மன் இல்லை, 'கோல்ஷ்' எனப்படும் கொலோன் வட்டார வழக்கு. சந்தைக்கு வந்தவர், கூலிக்கு வந்தவர், வேலைக்காரப் பெண்கள் என்று எல்லோருக்கும் புரிகிற பேச்சு.

அந்த நூற்றாண்டின் கடைசியில் குடும்பம் ஒரு துணிச்சலான முடிவெடுத்தது. பொம்மைகளை ஓரமாக வைத்துவிட்டு, அதே கதைகளை மனிதர்களே மேடையேறி நடித்தார்கள். ஆட்டம் மாறினாலும் பேச்சு மாறவில்லை. பொம்மை பேசிய அதே கோல்ஷைத்தான் நடிகர்களும் பேசினார்கள்.

மேடையில் வளர்ந்த பிள்ளை

1909-ஆம் ஆண்டு ஜனவரி 8-ம் தேதி இந்தக் குடும்பத்தில்தான் வில்லி பிறந்தார். அப்பா பீட்டர் வில்ஹெல்ம் நாடகக்குழு நடத்தினார். அக்கா லூசி, வில்லியைவிட நான்கு வயது மூத்தவர், அவரும் நடிகை. வீட்டில் பேசினால் நாடகப் பேச்சு, சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை. குழந்தையிலேயே மேடை ஏறிய வில்லிக்குப் பள்ளிக்கூடம் ஒட்டவில்லை. பதின்வயதிலேயே படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு முழுநேர நடிகராகிவிட்டார்.

நாடகக்காரர் வாழ்க்கை சொகுசானது இல்லை. நிலையான அரங்கம் இல்லாமல், ஊர் ஊராகப் போய் நடிக்க வேண்டியிருந்தது. 1936-ல்தான் கொலோனில் ஆஹெனர் வீதியில் குடும்பத்துக்கென்று ஓர் அரங்கம் அமைந்தது. நாடோடிக் குழுவுக்கு ஒரு முகவரி கிடைத்த வருடம் அது.

ஆனால், அந்த வருடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1936 என்றால் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து மூன்று வருடம். ஊரில் யூதர்களின் கடையும் வேலையும் ஒவ்வொன்றாகப் பறிபோய்க்கொண்டிருந்த காலம். அதே ஊரில்தான் இந்த மேடையில் சிரிப்பு நாடகம் நடந்தது. 1940-ல், போர் நடக்கும்போதே, அப்பாவிடமிருந்து அரங்கத்தின் பொறுப்பை வில்லி ஏற்றுக்கொண்டார். சிரிப்பு எப்போதும் கறையில்லாத இடத்திலிருந்துதான் வரும் என்று சொல்லிவிட முடியாது. அவர் வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிப் போகவும் கூடாது.

40,000 பேர் மிச்சமிருந்த நகரம்

1942 மே 30-ம் தேதி இரவு, பிரிட்டிஷ் விமானப்படையின் சுமார் 1,000 விமானங்கள் ஒரே இரவில் கொலோன் மேல் குண்டு வீசின. அதோடு முடியவில்லை. போர் முடிவதற்குள் 250-க்கும் மேற்பட்ட முறை அந்த ஊர் தாக்கப்பட்டது. 1945 மார்ச்சில் அமெரிக்கப் படைகள் உள்ளே நுழைந்தபோது, நகரத்தின் மையப்பகுதியில் பெரும்பாலான கட்டடங்கள் கல்குவியலாகக் கிடந்தன. போருக்கு முன் ஏழரை லட்சத்துக்கும் மேல் ஜனங்கள் வாழ்ந்த ஊரில், ரைனின் மேற்குக்கரையில் மிச்சமிருந்தவர்கள் சுமார் 40,000 பேர். இரட்டைக் கோபுர தேவாலயம் மட்டும் காயங்களோடு நின்றுகொண்டிருந்தது.

வில்லியின் அப்பா அந்த 1945-ல்தான் காலமானார். ஆனால், ஆஹெனர் வீதி அரங்கம் பெரிய சேதமில்லாமல் தப்பியிருந்தது.

அப்போது கொலோன் மேயராக இருந்தவர் கான்ராட் அடினாவர். நாஜிகள் 1933-ல் பதவியிலிருந்து துரத்திய மனிதர் இவர். அமெரிக்கர்கள் மறுபடி அழைத்து வந்து மேயராக உட்கார வைத்திருந்தார்கள். பிற்பாடு மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர் ஆனவரும் இவர்தான். குடிக்கத் தண்ணீர், எரிக்க நிலக்கரி, தலைக்குமேல் கூரை என்று ஆயிரம் பிரச்னை அவர் மேஜையில் இருந்தது. அந்த நெருக்கடியிலும் வில்லியை நாடகம் தொடங்கச் சொன்னார் அடினாவர். ஜனங்கள் மறுபடி சிரிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

1945 இலையுதிர் காலத்திலேயே அரங்கம் திறந்தது. யோசித்துப் பாருங்கள்... வீட்டில் ஒருவரையாவது இழக்காத குடும்பம் அந்த ஊரில் அபூர்வம். சாப்பாட்டுக்கு ரேஷன். வெளியே இடிபாடு. அந்த இடிபாடுகளுக்கு நடுவே நடந்து வந்து, டிக்கெட் வாங்கி, இருட்டில் உட்கார்ந்து சிரித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் துக்கத்தை மறந்துவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், அடுத்த நாளைத் தாண்ட ஒரு தெம்பு கிடைத்திருக்கும். அந்தத் தெம்பைக் கொடுத்தவரை ஒரு ஊர் லேசில் மறக்காது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வெண்கல மனிதருக்கான காரணம் இங்கேதான் தொடங்குகிறது.

டிவி வந்தது... முயல் ஓடியது!

அடுத்த வருடம், 1946-ல், கேர்டாவைக் கல்யாணம் செய்துகொண்டார் வில்லி. இது அவருக்கு இரண்டாவது திருமணம். நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். அக்கா லூசியும் தம்பியோடு சேர்ந்து அரங்கத்தைத் தாங்கிப் பிடித்தார். ஆனாலும் ரைன் பகுதியைத் தாண்டி அவர்களை யாருக்கும் பெரிதாகத் தெரியாது.

அதை மாற்றியது டிவி. 1952 டிசம்பர் 25-ம் தேதிதான் மேற்கு ஜெர்மனியில் தினசரி டிவி ஒளிபரப்பே தொடங்கியது. அதற்குப் பத்து மாதம் கழித்து, 1953 அக்டோபர் 27-ம் தேதி, மில்லோவிட்ச் அரங்கத்துக்குள் கேமராக்கள் வந்தன. 'எட்டாப்பென்ஹாசே' என்ற நாடகம் அங்கிருந்து நேரலையாக ஒளிபரப்பானது. முதல் உலகப்போர் காலத்தில், போர்முனைக்குப் பின்னால் இருக்கும் சிப்பாய்களையும் ஒரு முயலையும் வைத்துப் பின்னிய சிரிப்புக் கதை. அரங்கத்திலிருந்து நாடகத்தை நேரலையாகக் காட்டியதில் ஜெர்மன் டிவிக்கு இதுதான் முன்னோடி.

வீட்டுக்கு வீடு டிவி இல்லாத காலம். ஆனாலும் இந்த ஒளிபரப்பு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றியது. அதன் பிறகு ஆஹெனர் வீதியிலிருந்து நாடகம் மேல் நாடகமாக டிவிக்குப் போனது. கோல்ஷ் வழக்கைக் கொஞ்சம் நீர்த்துப் பேசியதால் வடக்கே ஹாம்பர்க்கிலும் தெற்கே மியூனிக்கிலும் இருப்பவர்களுக்கும் புரிந்தது. பருத்த உடம்பும் கரகரத்த குரலுமாக வில்லி, நாடு முழுக்க வரவேற்பறைக்குள் வந்து உட்கார்ந்தார்.

நாடகங்களின் சூத்திரம் எளிமையானது. ஆள்மாறாட்டம், பொய்க்கு மேல் பொய், தப்பான நேரத்தில் திறக்கும் கதவு, கண்டிப்பான மனைவி, மாட்டிக்கொண்டு முழிக்கும் கணவன். கடைசியில் எல்லாம் சுபம். இதில் கலை எங்கே இருக்கிறது என்று கேட்ட மேதாவிகளும் உண்டு. ஆனால், கதவு திறக்கும் அந்த நொடியை அரை நொடி முன்பின் தவறவிட்டால் சிரிப்பு வராது. அந்தக் கணக்கு பொம்மலாட்டக் காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது.

கடைசி வார்த்தை... மதுவா?

1960-ல் வில்லிக்கு இன்னொரு முகம் கிடைத்தது. 'ஷ்னாப்ஸ், டாஸ் வார் சைன் லெட்ஸ்டெஸ் வோர்ட்' என்ற பாடல். சாகும்போதும் சரக்கின் பெயரையே கடைசி வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போன ஒருவனைப் பற்றிய கேலிப்பாட்டு. பட்டிதொட்டியெல்லாம் பாடினார்கள். அடுத்து, 1964-ல், நாம் எல்லோருமே குட்டிக்குட்டிப் பாவிகள்தானே என்று சொல்லும் ஒரு பாட்டு. அதுவும் ஹிட்!

சங்கீதம் படித்த குரல் இல்லை அது. பாடுவதற்கும் பேசுவதற்கும் நடுவில் எங்கோ நிற்கும் குரல். ஆனால், கொலோனின் கார்னிவல் திருவிழாவுக்கு அதுதான் பொருத்தம். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய அந்த நாள்களில், வேஷம் கட்டிக்கொண்டு ஊரே தெருவில் இறங்கும். அங்கே பாடகர் தனியாகப் பாடுவதில்லை. ஜனங்கள் கைகோத்து, ஆடி அசைந்து, கூடவே பாட வேண்டும். எல்லோராலும் எட்ட முடிகிற சுருதியில் பாடினார் வில்லி.

ஃப்ரிட்ஸ் வேபர் எழுதிய, 'நான் ஒரு கொலோன் பையன்' என்று பொருள்படும் 'இஷ் பின் எனே கோல்ஷே யுங்' பாட்டு அவர் அடையாளமாகவே ஆகிவிட்டது. 80 வயதில் ஒரு மனிதர் தன்னைப் 'பையன்' என்று பாடும்போது கூட்டம் சிரிக்கும், கூடவே கண்ணும் கலங்கும்.

80-க்கு மேல் ஒரு புது ஆட்டம்

1989-ல், 80 வயது நிறைந்த வருடத்தில், கொலோன் நகரம் அவருக்குக் கௌரவக் குடிமகன் பட்டம் கொடுத்தது. அடினாவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். அந்த வரிசையில் ஒரு காமெடியன்!

அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. 1990-களில், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி கிளெஃபிஷாக டிவி படங்களில் நடித்தார். சத்தம்போட்டுச் சிரிக்க வைத்தவர், அமைதியாகக் குற்றவாளியைத் தேடும் கிழவராக மாறியதைப் பார்த்து, இவருக்குள் இப்படியொரு நடிகர் இருந்தாரா என்று பலர் ஆச்சர்யப்பட்டார்கள்.

1999 ஜனவரியில் 90-வது பிறந்தநாள். அதே வருடம் செப்டம்பர் 20-ம் தேதி விடைபெற்றார். கொலோனின் மெலாட்டன் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகிறார்.

பிள்ளைகள் சுமந்த பாரம்

பெரிய மரத்தின் நிழலில் வளர்வது சுலபமில்லை. மகள் மரியேலே அப்பாவின் மேடையில்தான் நடிக்க ஆரம்பித்தார். பிறகு விலகிப்போய்க் கால்நடை மருத்துவம் படித்து, டாக்டர் பட்டமும் வாங்கினார். ஆனாலும் நடிப்பு விடவில்லை. திரும்பி வந்து, அப்பாவின் நிழல் படாத டிவி தொடர்களில் தனக்கென ஒரு பெயர் சம்பாதித்தார்.

மகன் பீட்டர் வேறு பாதை. அப்பாவுக்குப் பின் அரங்கத்தை அவர்தான் ஏற்று நடத்தினார். நாடகம் எழுதினார், இயக்கினார், நடித்தார். ஆனால், காலம் மாறியிருந்தது. எந்த டிவி அவர்களை ஊரறிய வைத்ததோ, அதே டிவியில் இப்போது நூறு சேனல். வழக்கமாக வந்த ரசிகர்களுக்கு வயதாகிவிட்டது, புதிதாக வருகிறவர்கள் குறைவு. டிக்கெட் காசை நம்பி ஓடும் தனியார் மேடைக்கு அது தாங்கவில்லை. 2018 மார்ச்சில் கடைசித் திரை விழுந்தது. தலைமுறை தலைமுறையாக வந்த மில்லோவிட்ச் நாடகம் அன்றோடு முடிந்தது.

கட்டடம் பூட்டிக் கிடக்கவில்லை. 'ஃபோல்க்ஸ்பூனே' என்ற பெயரில், வேறு கலைஞர்களின் நிகழ்ச்சிகளோடு அதே இடத்தில் இயங்குகிறது. பொம்மையை வைத்துவிட்டு மனிதர்கள் ஏறிய மேடை அந்தக் குடும்பத்துடையது. இப்போது அவர்கள் இறங்கி, வேறு மனிதர்கள் ஏறியிருக்கிறார்கள். நாடகக்காரர்களுக்கு இது தெரியாத விஷயமில்லை.

வில்லி பெரிய காவியம் எதையும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. முயல் நாடகமும் சரக்குப் பாட்டும்தான் மிச்சம். ஆனால், எல்லாம் இடிந்து கிடந்த ஒரு வருடத்தில், கதவைத் திறந்து வைத்து வாருங்கள், சிரிக்கலாம் என்று கூப்பிட்டார். இன்றும் கார்னிவல் வந்தால் அவர் பாட்டு அந்த ஊர்த் தெருவில் கேட்கும். அந்த பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உள்ள இடத்திலும் யாராவது ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.