ஊரவர் வானொலியும் நாமும்

பல்கலைக்கழக வளாகங்களிலும் சிற்றூர்களிலும் வானொலி நடத்துவோர் ஓரிடத்திற் கூடிய மாநாடொன்றுக்குப் பார்வையாளராகச் சென்று மீண்டோம். 2024 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 13 ஆம், 14 ஆம் திகதிகளிலே சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற தென்பிராந்தியச் சமுதாய வானொலி மாநாடே அது. யூபிலி மலருக்கு யாதேனும் எழுதித் தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது, துடுப்பாட்டப் போட்டிகளையும் விடுதிக் குறும்புகளையும் எழுதுதற்கு வல்லார் பலர் உளராதலின், நாம் இதனை எழுதத் துணிந்தோம். கல்லூரிக்கும் இதற்கும் யாது தொடர்பெனச் சிலர் புருவம் நெரிக்கலாம். தொடர்பு உண்டு; சற்றே பொறுத்தருள்க.

மாநாடு தொடங்கிய 13 ஆம் திகதி உலக வானொலி நாளாகும். ஐக்கிய நாடுகள் சபை தன் வானொலியை 1946 ஆம் ஆண்டு அதே நாளில் தொடங்கியமையால், யுனெஸ்கோ நிறுவனம் 2011 ஆம் ஆண்டிலே அவ்வாறு பிரகடனஞ் செய்தது. இடங்கொடுத்த பல்கலைக்கழகத்துக்கோ வேறொரு பெருமையும் உண்டு. 2004 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் திகதி அங்கே ஒலிக்கத் தொடங்கிய 'அண்ணா எப்.எம்.' இந்திய நாட்டின் முதலாவது வளாக வானொலி. ஆகவே இருபதாண்டு நிறைவு விழாவும் அதனோடு சேர்ந்ததாயிற்று.

சமுதாய வானொலி என அவர்கள் வழங்குவதை நாம் சமூக வானொலி என்போம். பெயரில் என்ன இருக்கிறது? பொருள் ஒன்றே. அதன் கதிர்வீச்சு வலு 100 வாற்று. முன்னர் நம் வீட்டு விறாந்தைகளில் எரிந்த பெரிய மின்குமிழின் அளவு. அதன் கோபுரம் 30 மீற்றருக்கு மேற்படலாகாது. ஒலி சென்று சேருவது ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் வட்டம். அவ்வட்டத்துக்குள் வாழும் மக்களே பேசுவோர், அவர்களே கேட்போர். இலாபம் கருதி நடத்தலாகாது. 1995 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே இந்திய உச்ச நீதிமன்றம் வான் அலைகள் பொதுச்சொத்து எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வெளிவந்து ஏழாண்டுகள் கழித்து, 2002 இல் கல்விக்கூடங்களுக்கு உரிமம் வழங்க அரசு இசைந்தது. 2006 இலேதான் பிற தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. படித்தவர்க்கு முதலிலும் பாமரர்க்குப் பின்னருமாகக் கதவு திறந்த இவ்வரிசையை வாசகர் மனத்திற் கொள்க. மாநாட்டு மண்டபத்திலே இருந்தோரும் அவ்வாறே இருவகையினராய்க் காணப்பட்டனர். காதணி ஒலிவாங்கியைக் கழுத்திலே தொங்கவிட்ட இளைஞர் ஒருபுறம். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திய கிராமத்துப் பெண்கள் மறுபுறம்.

முற்பகல் முழுவதும் மேடைப் பேச்சுக்களிற் கழிந்தது. பொன்னாடைகள் பல போர்த்தப்பட்டன. புதிய கொள்கை விதிகள் பற்றியும் சொல்லப்பட்டது: மணித்தியாலமொன்றுக்கு 7 நிமிடமாயிருந்த விளம்பர நேரம் 12 நிமிடமாயிற்று, பத்து விநாடி விளம்பரத்துக்கான அரசுக் கட்டணம் 52 ரூபாவிலிருந்து 74 ரூபாவாக உயர்ந்தது. இவ்வறிவிப்புக்கே கைதட்டல் மிகுதியாய் எழுந்தது. அவ்வானொலிகளின் வறுமையை அக்கைதட்டலினால் உணர்ந்தோம்.

கூட்டங்களின் பயன் மேடையிலே இல்லை, தேநீர்க் கோப்பையின் அருகிலே உள்ளது என்பது எமது நீண்டநாட் கொள்கை. அன்றும் அது பொய்க்கவில்லை. தேநீர் வேளையிலே ஒரு கல்லூரி மாணவர், தம் வளாக வானொலியிலுள்ள கருவிகளின் சிறப்பை எடுத்துரைத்துக் கொண்டிருந்தார். கரையோர ஊரொன்றின் அறிவிப்பாளரான அம்மையார் ஒருவர் பொறுமையாய்க் கேட்டிருந்துவிட்டு, "தம்பி, நீங்கள் பட்டம் வாங்கிப் போனபின் அந்த வானொலி யாருடையது?" என்றார். "அடுத்த வகுப்பு மாணவருடையது, அம்மா" என்றார் அவர். "அப்படியானால் உங்கள் மதிலுக்கு வெளியே குடியிருக்கிறவர்கள்?" என்றார் அம்மையார். மாணவர் சிரித்து மழுப்பினார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வளாக வானொலிகள் பலவற்றின் நோய் அதுவே. பெயரிலே சமுதாயம் இருக்கும். நிகழ்ச்சியிலே திரைப்படப் பாட்டும் பரீட்சை அறிவித்தலும் இருக்கும். மதிலுக்கு அப்பால் வாழும் மீன் விற்கும் பெண்ணின் குரல் அங்கே கேட்பதில்லை.

மாறாக, படியாதவர் எனப்பட்டோர் செய்தது என்ன என்பதற்குத் தெலுங்கானாவிலே ஒரு சான்று உண்டு. சாகீராபாத்தை அடுத்த பகுதியிலே தலித் பெண்கள் நடத்தும் 'சங்கம் வானொலி' 2008 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 15 ஆம் திகதி தொடங்கிற்று. உரிமம் வரும்வரை அப்பெண்கள் கைகட்டி இருந்தாரல்லர். அதற்கு முந்திய பல ஆண்டுகளாகத் தம் விதைகளைப் பற்றியும் சிறுதானியங்களைப் பற்றியும் பாட்டுக்களையும் நாடாவிலே பதிந்து, ஊர்ச் சங்கக் கூட்டங்களிற் போட்டுக் கேட்டனர். வான் வழி கிட்டும்வரை தரைவழி நடந்தனர் எனலாம். இதனை இங்கே வலியுறுத்துதற்குக் காரணம் பின்னர்ப் புலனாகும்.

மேற்குறித்த அம்மையாரோடு பின்னர் நெடுநேரம் உரையாடினோம். பாம்பனிலே மீனவருக்கென மீனவரே நடத்தும் 'கடல் ஓசை' வானொலி 2016 ஆம் ஆண்டு முதல் ஒலிப்பதை அறிந்திருந்தோமாதலின், அவரும் அத்தகைய பணியே செய்கிறார் என்பது விளங்கிற்று. நாள்தோறும் காற்றின் வேகம், அலையின் உயரம், மீன் படும் இடம் ஆகியவற்றை வாசிப்பது அவர் கடமை. "எண்களைத்தான் வாசிக்கிறேன் ஐயா. ஆனால் வாசிக்கும்போது கடலில் நிற்கிற ஒவ்வொரு படகின் பெயரும் வாயில் வருகிறது" என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் நாம் என அறிந்ததும் அவர் முகம் சற்றே மாறிற்று. அவர் ஊரவர் சிலர் நம் கடற்படையினராற் பிடிக்கப்பட்டவர்கள். படகுகள் இன்னும் இக்கரையிலே கிடந்து உளுக்கின்றனவாம்.

"அதை வானொலியிற் சொன்னீர்களா?" எனக் கேட்டோம். சொல்லலாகாது என்பதே விடை. இந்தியச் சமுதாய வானொலிகள் தாமாகச் செய்தி ஒலிபரப்பலாகாது. ஆகாசவாணியின் செய்தியை மாற்றமின்றி அஞ்சல் செய்யலாம், அவ்வளவே. வானிலை, போக்குவரத்து, குடிநீர், மின்தடை, பரீட்சை ஆகியவற்றைப் பற்றிய அறிவித்தல்கள் செய்தியெனக் கொள்ளப்படா. எனவே புயல் வருகிறதென அறிவிக்கலாம். அண்டை வீட்டான் திரும்பி வரவில்லை என்றால், அது செய்தியாகிவிடும்! சிறு வானொலிகள் கலகம் மூட்டும் என்னும் அச்சமே இவ்விதிக்குக் காரணம் என்பர். அச்சம் முற்றும் ஆதாரமற்றது என்று நாம் சொல்லோம். வானொலியால் விளைந்த கேடுகளும் உலகில் உண்டு. ஆயினும் ஊரார் வாயை அடைத்தால் வதந்தியின் வாய் திறக்கும் என்பதை நாற்பதாண்டுகளிலே நாம் நன்கு கற்றிருக்கிறோம். நேபாளத்திலே 2005 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் திகதி மன்னர் ஆட்சியைக் கைப்பற்றி, எப்.எம். நிலையங்கள் செய்தி வாசித்தலைத் தடுத்தபோது, அந்நாட்டு ஊடகத்தார் சிலர் தெருவிலே மக்களைக் கூட்டிச் செய்தியை வாசித்தனர். செய்தியை வேண்டி நிற்கும் மக்களுக்கு முன்னே தடையுத்தரவு என்ன செய்யும்?

அம்மையாருக்கு நாமும் ஒன்று சொன்னோம். அவ்வூர் இழுவைப் படகுகள் வந்து போன இரவுகளின் மறுநாட் காலையிலே நம் வடகரை மீனவர் தம் வலைகள் அறுந்து கிடப்பதைக் கண்டு தலையிற் கைவைத்திருப்பதையும், கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடித் தொழிலை 2017 ஆம் ஆண்டிலே நம் நாடு சட்டத்தால் தடுத்ததையும் விளக்கினோம். அவர் வாதாடவில்லை. "வலை அறுந்தது எங்களுக்கு யார் சொன்னார்கள்? படகு பிடிபட்டதுதான் இங்கே தெரியும்" என்றார். பிறகு, "உங்கள் கரையில் எங்களைப் போல வானொலி உண்டா ஐயா?" என வினவினார்.

இல்லை என்பதே உண்மை. சொல்ல நாணினோம். தென்னாசியாவிலே வானொலியை முற்படக் கண்ட தீவுகளுள் நம்முடையது முன் நிற்பது. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹார்ப்பர் செய்த முயற்சிகளின் பயனாய் 1925 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் திகதி கொழும்பிலே ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கிற்று. சமூக வானொலியிலும் நாமே முன்னோடிகள். மகாவலித் திட்டத்தினால் இடம்பெயர்ந்து குடியேறிய மக்களுக்காக 1981 ஆம் ஆண்டிலே, டென்மார்க்கு நாட்டினதும் யுனெஸ்கோவினதும் உதவியோடு மகாவலிச் சமூக வானொலி எழுந்தது. தயாரிப்பாளர் கிராமங்களிலே சென்று தங்கி, மக்களோடு உண்டு, அவர்தம் குரலிலே நிகழ்ச்சிகளைப் பதிந்தனர். 1989 இல் கொத்மலை நிலையம் தொடங்கிற்று. பத்தாண்டுகள் கழித்து அந்நிலையத்தார் செய்த புதுமையை உலகமே வியந்தது. நேயர் வினாக்களை அனுப்புவர். அறிவிப்பாளர் இணையத்திலே விடை தேடி, ஊர்மொழியிலே விளக்குவர். இவ்வளவும் செய்தும், நிலையங்கள் அரசுக் கூட்டுத்தாபனத்தின் குடைக்கீழேயே நின்றன. ஊரவர் தாமே உரிமம் பெற்று நடத்துதற்கெனத் தனிச்சட்டம் நாம் செய்தோமில்லை. விதை நம்முடையது, விளைச்சல் அயலாருடையதாயிற்று.

வானொலியின் அருமையை நம்மவர்க்கு எடுத்துரைத்தல் கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். 1990 ஆம் ஆண்டின் பின் குடாநாட்டிலே மின்சாரமில்லை. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. அப்போது நம் ஊர்களில் நடந்ததை இன்றைய மாணவர் கதையென எண்ணுவர். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாய் நிறுத்துவோம். சில்லோடு டைனமோவைச் சேர்த்து, அதிலிருந்து வரும் மின்னோட்டத்தை டயோட்டுக்களால் நெறிப்படுத்தி றேடியோவுக்குக் கொடுப்போம். மாலையானதும் அயல் வீட்டார் குந்தியிருப்பர். ஒரு பையன் மிதிகட்டையைக் கையாற் சுழற்றுவான். பி.பி.சி. தமிழோசை கேட்கும், பிலிப்பைன்சிலிருந்து வெரித்தாசு கேட்கும். கை சோர்ந்தால் குரலும் சோரும். உடனே, "விடாதை தம்பி, சுத்து!" என்று பத்துக் குரல் எழும், வேறொருவன் கை மாற்றுவான். நம் தெருவிலே என்ன நடந்தது என்பதை அறிய இலண்டன் மாநகரின் வாயைப் பார்த்திருந்தோம். அடுத்த கிராமத்திலே வீழ்ந்த குண்டின் செய்தி ஐயாயிரம் மைல் சென்று மீண்டு நம் முற்றத்துக்கு வந்தது. தமிழோசையும் 2017 ஆம் ஆண்டு ஏப்பிரில் முடிவோடு நின்றுவிட்டது. அன்று சில்லுச் சுழற்றிய பையன்களுட் பலர் நம் கல்லூரி மாணவர். இம்மலரை இன்று தொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து வாசிப்பர்.

கல்லூரித் தொடர்பு இனி வருகிறது. ஊர் மீண்டபின் பழைய மாணவர் சங்கக் கூட்டத்திலே இதைப் பிரஸ்தாபித்தோம். நண்பர் ஒருவர், "உரிமம் கிடையாது, பிறகு பேச்சென்ன?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு மறுமொழியாகச் சங்கம் வானொலிப் பெண்களின் நாடாக்களைச் சொன்னோம். இன்னொன்றும் சொன்னோம். அமெரிக்காவிலே பிரவுண் பல்கலைக்கழக மாணவர் இருவர் 1936 ஆம் ஆண்டிலே விடுதி அறைகளுக்கிடையே கம்பி இழுத்துத் தமக்குள் ஒலிபரப்பினர். நான்காண்டில் அது பல கல்லூரி மாணவரின் சங்கமாக வளர்ந்தது. பெருங்கோபுரம் கட்டியா அவர்கள் தொடங்கினார்கள்? மற்றொரு நண்பர், மாணவர் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தால் ஆசிரியரை நையாண்டி செய்வர் என அஞ்சினார். செய்வர்தான். நாமும் அக்காலத்திலே செய்தோம். ஒலிவாங்கி இல்லாமலே செய்தோம்.

இப்போது முடிவாகியிருப்பது இவ்வளவே. பௌதிக ஆய்வுகூடத்தை அடுத்துள்ள அறையைச் சனிக்கிழமைகளிலே மாணவருக்குத் தர அதிபர் இசைந்துள்ளார். உயர்தர வகுப்பு மாணவர் ஐவர் பெயர் கொடுத்துள்ளனர். முதல் வேலையாக அவர்கள் கரையோரம் சென்று, வலை அறுந்தவர்களின் சொற்களை அவர்தம் பேச்சிலேயே பதிந்து வருவர். அப்பதிவைப் பாடசாலையிலும் வாசிகசாலையிலும் போட்டுக் கேட்பிப்பதோடு, அக்கரை அம்மையாருக்கும் ஒரு பிரதி அனுப்ப எண்ணம். அவர் அதனை ஒலிபரப்ப விதி இடங்கொடாது. ஆனால் தம் ஊர்ப் படகுக்காரரைக் கூட்டிவைத்துக் கேட்கச் செய்வதாகவும், அவர்கள் சொல்லும் மறுமொழியைத் தாமே பதிந்து அனுப்புவதாகவும் வாக்களித்துள்ளார்.

ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் நல்ல ஒலிவாங்கி இரண்டும் வேண்டும். கடற்காற்றிலே பேச்சு மறைந்துபோகாதபடி ஒலிவாங்கிக்கு உறையிட்டிருத்தல் அவசியம் என்கிறார் ஆய்வுகூட உதவியாளர். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் எவரேனும் அனுப்புவதாயின், சங்கச் செயலாளருக்கு முன்னரே எழுதுவாராக. ஒரே பொருளை நால்வர் அனுப்பிய அனுபவம் சங்கத்துக்கு உண்டு.